வீடு நம்முடையது, செப்டிக் டேங்க் பக்கத்து வீட்டில்

கேள்வி: ஆதம்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மடிப்பாக்கத்தில் அரை கிரவுண்டில் ஒரு பழைய தனி வீடு பிடித்துப்போய், மூன்று லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்துவிட்டோம். வங்கிக் கடனுக்கும் ஒப்புதல் வந்துவிட்டது. போன வாரம் அலமாரிக்கு அளவெடுக்கப் போனபோது வாசலில் கழிவுநீர் லாரி நின்றது. அதன் குழாய் நாங்கள் வாங்கப்போகும் வீட்டுக்குள் போகாமல் பக்கத்து வீட்டு கேட்டுக்குள் போனது. விசாரித்தால், இந்த வீட்டின் செப்டிக் டேங்க் பக்கத்து வீட்டுக் கார் நிறுத்தும் இடத்துக்குக் கீழே இருக்கிறதாம். வீட்டுக்காரப் பெரியவரின் அப்பா, ஒரு கிரவுண்டு முழுவதும் தன்னிடம் இருந்தபோது, 1992-இல் கட்டியது. அப்பா இறந்த பிறகு 2004-இல் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வீடு அண்ணனுக்கு, காலி இடம் தம்பிக்கு. தம்பி 2013-இல் தன் பாகத்தை விற்றுவிட்டார். வாங்கியவர் வீடு கட்டிக் குடியிருக்கிறார். “இருபது வருஷத்துக்கு மேல ஆச்சும்மா, சட்டப்படி நமக்கு உரிமை வந்தாச்சு. அவரும் நல்ல மனுஷர்” என்கிறார் பெரியவர். தெருவில் பாதாளச் சாக்கடைக்கு மேன்ஹோல் கட்டியிருக்கிறார்கள், வீடுகளுக்கு இணைப்பு இன்னும் தரவில்லை. ஒப்பந்தப்படி ஆவணி முடிவதற்குள் பதிவு செய்தாக வேண்டும். ஆவணியிலேயே பால் காய்ச்சிவிட வேண்டும் என்று மாமியார் ஆசைப்படுகிறார். வாங்கலாமா, விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, ஆதம்பாக்கம்

அன்புள்ள சகோதரிக்கு,

வாங்கலாம். ஆனால் உங்கள் வீட்டுக் கழிவு உங்கள் மண்ணிலேயே போய்ச் சேருவதற்கு வழி செய்த பிறகுதான் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் படியேற வேண்டும். அதையும் பெரியவர் தன் செலவில் செய்து தர வேண்டும். நான் சொல்லப்போவது இவ்வளவுதான். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்று விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆவணியை நினைத்து வீட்டில் எல்லோரும் அவசரப்படுகிற நேரத்தில், காரணம் தெரிந்தால்தான் உங்களால் உறுதியாக நிற்க முடியும்.

முதலில் ஒரு சர்வேயரை வைத்து மனையை அளந்துவிடுங்கள். டேங்க் பக்கத்து மனையில்தான் இருக்கிறது என்பது இப்போதைக்கு எல்லோரும் வாயால் சொல்வது. காம்பவுண்டு சுவர் நிற்கிற இடம் எல்லை ஆகிவிடாது. பாகப்பிரிவினைப் பத்திரத்தின் தபசிலில், அதாவது சொத்து விவரப் பகுதியில், உள்ள செக்குபந்தியையும் (நான்கு எல்லைகள்) அளவையும் எடுத்து, புலப்பட நகலோடு (அரசு நில அளவை வரைபடம்) ஒப்பிட்டு, சங்கிலி போட்டுப் பார்க்க வேண்டும். சுவரே இரண்டடி உள்ளே தள்ளிக் கட்டப்பட்டு, டேங்கில் பாதி நம் இடத்தில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதே நாளில் ஒரு பிளம்பரையும் கூட்டிப்போய், ஒவ்வொரு கழிப்பறையிலும் சாயப்பொடி கரைத்த தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். எந்தக் குழாய் எந்த சேம்பருக்குப் போகிறது, சாயம் எந்த மூடிக்குக் கீழே வந்து சேருகிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். சமையலறை, குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். அது மழைநீர் வடிகாலில் விடப்பட்டிருந்தால் அதுவும் சரி செய்ய வேண்டிய தவறுதான்.

இப்போது அந்த “இருபது வருஷம்”. பெரியவர் பொய் சொல்லவில்லை, யாரோ சொன்னதை நம்பியிருக்கிறார். வசதியுரிமை என்பது நம் நிலத்தின் தேவைக்கு அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை. 1882-ஆம் வருட இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் 20 ஆண்டு என்ற கணக்கு இருப்பது உண்மை. ஒருவருடைய நிலத்தின் வழியாக வடிகால் விடுவது, நடப்பது போன்ற ஒன்றை அமைதியாக, வெளிப்படையாக, இடையூறு இல்லாமல், உரிமை என்ற நிலையில் 20 ஆண்டு அனுபவித்திருந்தால் அது நிலைத்த உரிமையாகும். ‘உரிமை என்ற நிலையில்’ என்ற சொல்லைத்தான் பலரும் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அனுமதி கேட்டு அனுபவித்த வருடங்கள் இந்தக் கணக்கில் சேராது.

உங்கள் வீட்டுக் கதையை இதில் வைத்துப் பார்ப்போம். 1992 முதல் 2004 வரை இரண்டு பாதியும் ஒரே குடும்பத்துச் சொத்து. தன் நிலத்தின்மேல் தனக்கே வசதியுரிமை என்று ஒன்று கிடையாது. அந்தப் 12 வருடம் அப்படியே கழிந்துவிடும். 2004 முதல் 2013 வரை பக்கத்து நிலம் தம்பியுடையது. அண்ணன் வீட்டு டேங்க் தன் இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தம்பி பொறுத்துக்கொண்டதை நீதிமன்றம் பாசத்தில் தந்த அனுமதியாகவே பார்க்க வாய்ப்பு அதிகம். 2013-க்குப் பிறகு உள்ள காலம் இன்னும் 20 ஆண்டைத் தொடவில்லை. ஆக, பெரியவர் நம்பியிருக்கும் கயிறு மெல்லியது.

அதைவிட வலுவான கயிறு ஒன்று இருக்கிறது, அது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு. கூட்டாக இருந்த சொத்தைப் பாகம் பிரிக்கும்போது, ஒரு பாகத்தை அதுவரை அனுபவித்த மாதிரியே அனுபவிக்க இன்னொரு பாகத்தின் வழியாக ஒரு வசதி தேவைப்பட்டு, அது வெளியே தெரிகிற, தொடர்ந்து நடக்கிற வசதியாகவும் இருந்தால், அந்த உரிமை தானாகவே பாகத்தோடு சேர்ந்து வரும். மண்ணுக்குள் புதைந்த வடிகால் ‘வெளியே தெரிகிற’ ஒன்றா என்ற கேள்வி உங்களுக்கு வரும். விவரம் தெரிந்த ஒருவர் கவனித்துப் பார்த்தால் கண்டுபிடிக்கக்கூடிய வடிகாலும் வெளியே தெரிகிற ஒன்றுதான் என்று 5-ஆம் பிரிவிலேயே எடுத்துக்காட்டு உண்டு. டேங்கின் மூடியும் வென்ட் பைப்பும் 2004-இலேயே கண்ணுக்குத் தெரிந்திருந்தால் இந்த வாதம் நிற்கும். இப்படி வந்த உரிமை, வீடு கைமாறும்போது 19-ஆம் பிரிவின்படி உங்களுக்கும் வந்து சேரும்.

ஆனால் அதே 13-ஆம் பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. பத்திரத்தில் வேறு எண்ணம் சொல்லப்பட்டிருந்தால் இந்த உரிமை வராது. நம் ஊர்ப் பாகப்பிரிவினைப் பத்திரங்களின் கடைசிப் பக்கத்தில் டாகுமென்ட் ரைட்டர்கள் வழக்கமாக ஒரு வரி எழுதுவார்கள்: ‘அவரவர் பாகத்தை அவரவர் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது, ஒருவர் பாகத்தில் மற்றவருக்கு யாதொரு பாத்தியமும் இல்லை.’ அண்ணன் தம்பிக்குள் பின்னால் சண்டை வரக்கூடாது என்று நல்லெண்ணத்தில் எழுதுகிற வரிதான். அந்த ஒரு வரி இந்தப் பத்திரத்தில் இருந்தால், டேங்க் மீதான உரிமையை அண்ணனே 2004-இல் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரரின் வக்கீல் வாதாடுவார். நானாக இருந்தாலும் அப்படித்தான் வாதாடுவேன். அதனால் அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை எடுத்து முதல் வரி முதல் கடைசி வரி வரை படியுங்கள். வங்கி வக்கீல் பார்த்துவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். அவர் பார்ப்பது உடைமை சங்கிலி அறாமல் வருகிறதா, அடமானம் இருக்கிறதா என்பதை. சாக்கடை எங்கே போகிறது என்று வில்லங்கச் சான்று சொல்லாது.

அந்த வரி இல்லை, உரிமை உங்கள் பக்கம்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் கையில் இருப்பது வழக்குப் போட்டு ஜெயிக்கக்கூடிய ஒரு வாதம். அதற்குள் வருடங்கள் போகும். இந்த வழக்கு நடக்கிற காலம் முழுவதும் உங்கள் வீட்டில் நான்கு பேர் காலையில் எழுந்து கழிப்பறைக்குப் போயாக வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான். வழிநடைப் பாத்தியத்துக்கு வழக்கு நடந்தால் சுற்றிக்கொண்டாவது நடந்து போகலாம். கழிவுநீருக்குச் சுற்று வழி கிடையாது.

அப்புறம், “நல்ல மனுஷர்” என்பது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் அவர் பெரியவரைப் பொறுத்துக்கொண்டது பெரியவருக்காக. சட்டத்தின் பார்வையில் அது 52-ஆம் பிரிவு சொல்கிற வெறும் அனுமதி. 56-ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட அனுமதியை இன்னொருவருக்குக் கைமாற்றித் தர முடியாது. பெரியவர் வீட்டை உங்களுக்கு விற்கலாம், பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமையை விற்க முடியாது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நாளை தன் வீட்டை வேறு ஒருவருக்கு விற்றால், அந்தப் புதியவரையும் பழைய அனுமதி கட்டுப்படுத்தாது என்பது 59-ஆம் பிரிவு.

சென்னையில் இந்தக் கடைசி விஷயம்தான் உண்மையான ஆபத்து. இன்று தனி வீடாக இருப்பது ஐந்து வருடத்தில் ஸ்டில்ட் வைத்த நான்கு ஃப்ளாட்டாக மாறிவிடுகிற ஊர் இது. நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் தெருக்களில் நீங்களே தினமும் பார்க்கிறீர்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பத்துக்கு இப்படித்தான் நடந்தது. பக்கத்து வீட்டு அம்மா இருந்தவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் காலமான பிறகு பிள்ளைகள் இடத்தை பில்டரிடம் ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுத்தார்கள். அஸ்திவாரத்துக்குத் தோண்ட வந்த ஜேசிபி ஒரே காலையில் டேங்கை உடைத்துவிட்டது. பில்டருக்கு அது யாருடைய டேங்க் என்றே தெரியாது, அவர் பத்திரத்திலும் அப்படி எதுவும் இல்லை. வயதான அம்மா, அப்பா, பரீட்சைக்குப் படிக்கிற பெண் எல்லோரும் ஒன்றரை மாதம் உறவினர் வீட்டில் இருந்தார்கள். தடை உத்தரவு கேட்டு நாங்கள் நீதிமன்றம் போனோம். ஆனால் உடைந்த டேங்கைத் தடை உத்தரவு ஒட்ட வைக்காதே. கடைசியில் சொந்த இடத்தில் அவசரமாகப் புது டேங்க் கட்டித்தான் வீடு திரும்பினார்கள். வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

சரி, என்ன செய்வது? உங்கள் மனைக்குள்ளேயே புது டேங்க் கட்ட இடம் இருக்கிறதா என்று ஒரு சிவில் இன்ஜினீயரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடியில் இடமே இருக்காது என்று நினைக்க வேண்டாம். ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தர விதிப்படி ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்குக் குறைந்தபட்சம் ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் தண்ணீர் ஆழம் போதும். அடிக்கணக்கில் நீளம் ஐந்து, அகலம் இரண்டரை. அதைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கட்டினால் லாரி கூப்பிடும் இடைவெளி நீளும். வாசல் பக்கம் வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கீழே கட்டி, மேலே பாரம் தாங்குகிற ஸ்லாபும் மூடியும் போட்டுவிடலாம்.

வாசல் பக்கம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாளை தெருவில் பாதாளச் சாக்கடை இணைப்பு கொடுக்கும்போது, எல்லாக் குழாயும் ஏற்கனவே தெரு நோக்கி வந்திருந்தால் சில அடி தூரமே மிச்சம் இருக்கும். கழிப்பறை பின்பக்கம் இருந்தால் பக்கவாட்டுச் சந்து வழியாகக் குழாயை முன்னால் கொண்டுவர வேண்டும். நான்கு அங்குலக் குழாய்க்கு அறுபதுக்கு ஒன்று என்ற சரிவு வைத்தால், நாற்பது அடி தூரத்துக்கு எட்டு அங்குலம் இறக்கம். அந்த இறக்கம் கிடைக்கும்படி டேங்கின் வாய் எவ்வளவு கீழே இருக்க வேண்டும் என்பதை இன்ஜினீயர் மட்டம் பிடித்துச் சொல்லட்டும். மேஸ்திரியின் கண்ணளவை நம்பிச் சரிவில் கோட்டை விட்டால், மாதம் ஒருமுறை அடைப்பு எடுக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சென்னை வீடுகளில் மெட்ரோ வாட்டர் சம்பும் வாசல் பக்கம்தான் இருக்கும். சம்புக்குப் பக்கத்தில் செப்டிக் டேங்க் வந்தால், இரண்டில் எதில் விரிசல் விட்டாலும் குடிநீர் கெட்டுவிடும். இடையில் முடிந்த அளவு தூரம் விடுங்கள். டேங்கைக் கசிவில்லாத கான்கிரீட்டில் கட்டுங்கள், அல்லது ரெடிமேட் டேங்க் இறக்குங்கள். டேங்கிலிருந்து வழியும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழி வேண்டாம் என்பது என் கருத்து. அந்த நீரை எப்படி அகற்றுவது, அதற்கு டேங்க் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை இன்ஜினீயரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். குடிநீர் எடுக்கும் கிணறு அல்லது போரிலிருந்து உறிஞ்சு குழி 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு கிரவுண்டு என்பது நாற்பதுக்கு அறுபது அடி. அதைப் பாதியாக வெட்டிய முப்பதுக்கு நாற்பதில் மூலைக்கு மூலை அளந்தாலே 15 மீட்டர்தான் வரும். தவிரவும் மடிப்பாக்கம் தாழ்வான பகுதி, பக்கத்தில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும்போது உறிஞ்சு குழி எதையும் உறிஞ்சாது, திருப்பி அனுப்பும். மழைக்காலத்தில் அந்தப் பக்கத்து வீடுகளில் கழிப்பறை நிரம்பி நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். நீங்கள் லாரியைப் பார்த்ததையும் நான் இதோடு சேர்த்துத்தான் யோசிக்கிறேன். பழைய டேங்க் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை நிரம்புகிறது என்று கேளுங்கள். அடிக்கடி நிரம்புகிறது என்றால் வெளித்தண்ணீர் உள்ளே கசிய வாய்ப்பு உண்டு. உள்ளே கசிகிற விரிசல் வெளியேயும் கசியும். வீட்டு போர் தண்ணீரைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்து, மலக்கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பாதாளச் சாக்கடை வந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே, அதுவரை பொறுக்கலாமா என்று கேட்பீர்கள். மடிப்பாக்கம் 2011-இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதுவரை தனி ஊராட்சி. நகரின் பழைய பகுதிகளுக்கு இருக்கிற வசதிகள் அங்கே தாமதமாகத்தான் போய்ச் சேருகின்றன. மேன்ஹோல் கட்டியிருப்பது நல்ல அறிகுறி. ஆனால் குழாய் பதித்த பிறகு கழிவுநீர் ஏற்று நிலையம் ஓட வேண்டும், அதன் பிறகே வீட்டு இணைப்பு. பெருங்குடி மண்டலத்துக்கான சென்னைக் குடிநீர் வாரியப் பகுதி அலுவலகத்தில் உங்கள் தெருப் பெயரைச் சொல்லி, இணைப்பு எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் இணைப்பு உறுதி என்று பதில் வந்தால் புது டேங்க் கட்டும் செலவே மிச்சம். பெரியவரை இணைப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லி, இணைப்பு வந்த பிறகு பதிவு வைத்துக்கொள்ளலாம். தெளிவான பதில் வராவிட்டால் காத்திருக்காதீர்கள். திறக்காத மேன்ஹோலில் இரவோடு இரவாகக் குழாய் விட்டுத் தருகிறேன் என்று ஒரு ஆள் வருவார். அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது சட்டவிரோதம். ஓடாத குழாயில் விட்ட கழிவு யாராவது ஒருவர் வீட்டு வாசலில்தான் பொங்கும்.

புது டேங்க் தயாரானதும் பழையதை அப்படியே விட்டுவிட முடியாது. இங்கே ஒரு விஷயத்தை உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். லைசென்ஸ் உள்ள லாரியை வைத்துத்தான் பழைய டேங்கைக் காலி செய்ய வேண்டும். அடியில் தங்கிய சேற்றை வழிக்க ஒரு ஆளை உள்ளே இறக்கலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். மூடிக் கிடந்த டேங்கில் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் வாயுக்கள் நிற்கும். இரண்டு மூச்சில் மயங்கி விழுவார்கள், காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து போவார். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்கும் 2013-ஆம் வருடச் சட்டம் இதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு வருடம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. சட்டத்தை விடுங்கள், நம் வீட்டுக் கழிப்பறைக்காக ஒரு மனிதர் சாகக்கூடாது. தண்ணீர் பீய்ச்சிச் சேற்றைக் கரைத்து லாரிக் குழாயிலேயே உறிஞ்சி எடுக்க முடியும். அதன் பிறகு வெளியிலிருந்தே அடித்தளத்தில் ஓட்டை போட்டு, மணலும் ஜல்லியும் கொட்டி நன்றாக இறுக்கி மூட வேண்டும். மேலே அவர் கார் நிறுத்துகிறார், அரைகுறையாக மூடினால் ஒரு நாள் தரை உள்வாங்கும். அதற்கும் பெரியவர்தான் பொறுப்பு.

பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசப் போகும்போது இதைத்தான் முதலில் சொல்லுங்கள். “சார், உங்க இடத்துல இருக்கிற டேங்கை எடுத்துடலாம்னு இருக்கோம், மூடித் தர்றதுக்கு ரெண்டு நாள் கேட்டைத் திறந்துவிட்டா போதும்” என்று ஆரம்பித்தால் அவருக்கு அது நல்ல செய்தி. இத்தனை வருடம் பொறுத்த மனிதருக்கு அவர் இடம் முழுவதுமாகத் திரும்பக் கிடைக்கிறது. பெரியவரையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் தனியாகப் போய் “எங்களுக்கு உரிமை உண்டாமே” என்று பேச்சை எடுத்தால் அந்த நல்ல மனிதரும் அடுத்த நாள் வக்கீலைப் பார்ப்பார்.

ஒருவேளை உங்கள் மனையில் எப்படிப் பார்த்தாலும் டேங்குக்கு இடமில்லை என்று இன்ஜினீயர் சொல்லிவிட்டால், மிச்சம் இருப்பது ஒரு வழி. பக்கத்து வீட்டுக்காரர் மனமொப்பி எழுதித் தருகிற, பதிவு செய்த வசதியுரிமைப் பத்திரம். ஈஸ்மென்ட் டீடு என்று கேட்டால் டாகுமென்ட் ரைட்டருக்குப் புரியும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் நோட்டரி முத்திரை குத்திய சம்மதக் கடிதம் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது போதாது. அசையாச் சொத்தில் உரிமை உண்டாக்குகிற ஆவணம் 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி பதிவாக வேண்டும். பத்திரத்தில் இரண்டு மனைகளின் விவரமும் தனித்தனித் தபசிலாக வர வேண்டும், அப்போதுதான் நாளை அந்த இடத்தை வாங்க வருபவரின் வில்லங்கச் சான்றிலும் இது தெரியும். டேங்கும் குழாயும் எந்த எல்லையிலிருந்து எத்தனை அடி என்று அளவு போட்ட வரைபடத்தை இணைக்க வேண்டும். லாரி வரவும் பழுது பார்க்கவும் உள்ளே நுழையும் உரிமை, தோண்டினால் தரையைப் பழையபடி ஆக்கித் தரும் பொறுப்பு, பாதாளச் சாக்கடை இணைப்பு வந்ததும் இந்த உரிமை முடிந்துவிடும் என்ற வாசகம், அவருடைய வாரிசுகளையும் அடுத்து வாங்குபவர்களையும் கட்டுப்படுத்தும் என்ற வாசகம் எல்லாம் வேண்டும். அவர் வீட்டின் மேல் கடன் இருந்தால் அவருடைய வங்கியின் சம்மதமும் தேவை. இதையெல்லாம் செய்ய அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை, தொகை கேட்டாலும் தவறில்லை. அந்தத் தொகை பெரியவர் பையிலிருந்து போகட்டும்.

டேங்க் இருக்கும் துண்டு நிலத்தையே விலைக்கு வாங்கிவிடலாமே என்று யாராவது யோசனை சொன்னால், வேண்டாம். அந்த மனைக்கு விட்டிருக்க வேண்டிய பக்கவாட்டு இடம் குறைந்து அவர் கட்டிடமே விதிமீறல் ஆகலாம். துண்டு நிலத்தைப் பதிவு செய்வதிலும் மனைப் பிரிவு அங்கீகாரம் என்ற கேள்வி எழும்.

இனி உங்கள் ஒப்பந்தம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, தனக்குத் தெரிந்த, வாங்குபவரால் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விடுவதை மோசடி என்றே அந்தப் பிரிவு குறிக்கிறது. டேங்க் பக்கத்து மனையில் இருப்பது அப்படிப்பட்ட குறைதான். ஒப்பந்தம் போட்ட நாளில் அவர் சொல்லவில்லை, அதனால் இன்று சரி செய்து தரச் சொல்லவும், மறுத்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவும் உங்களுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் இன்று உங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் பேசாமல் கிரயம் முடித்தால், பின்னால் இந்தப் பிரிவைக் கையில் எடுக்க முடியாது. அதனால் இந்த வாரமே, நீங்கள் பார்த்ததையும் கேட்பதையும் ஒரு கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்புங்கள். மிரட்டுகிற நோட்டீஸ் வேண்டாம், மரியாதையான கடிதம் போதும்.

அதைத் தொடர்ந்து ஒரு துணை ஒப்பந்தம் போடுங்கள். முதல் ஒப்பந்தம் பதிவானது என்பதால் இதையும் பதிவு செய்துவிடுங்கள். டேங்க் வேலையும் பழைய டேங்கை மூடும் வேலையும் பெரியவர் செலவில் முடிய வேண்டும், முடிந்ததை உங்கள் இன்ஜினீயர் பார்த்து எழுதித் தர வேண்டும், அதுவரை கிரயத்துக்கான கெடு நீளும், பெரியவர் செய்யாவிட்டால் அட்வான்ஸ் இத்தனை நாளில் முழுவதுமாகத் திரும்ப வேண்டும். இவை போதும். கையில் காசில்லை, நீங்களே கட்டிக்கொண்டு விலையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று பெரியவர் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வேலை கிரயத்துக்கு முன்பே நடக்க வேண்டும், செலவுக் கணக்கும் விலையில் கழிக்கும் தொகையும் எழுத்தில் இருக்க வேண்டும். வங்கிக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். கடன் ஒப்புதலுக்குக் கெடு உண்டு, நீட்டிப்பு கேட்டுக்கொள்ளலாம்.

உங்கள் மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள். இப்போது ஆடி. எப்படியும் இந்த மாதத்தில் யாரும் பத்திரம் பதிவு செய்வதில்லை, பால் காய்ச்சுவதில்லை. குழி தோண்டுவதற்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது, நிலத்தடி நீர் கீழே இருக்கும். வேலையை இந்த வாரம் தொடங்கினால் அவர் ஆசைப்படி ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்கே போய்விட வாய்ப்பு இருக்கிறது. ஆவணி தவறினால் புரட்டாசி விட்டு ஐப்பசி. ஆனால் தோண்டும் வேலையை ஐப்பசிக்குத் தள்ளினால் வடகிழக்குப் பருவமழையில் குழிக்குள் தண்ணீர் இறைத்தே நாள் போகும், தை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பாகப்பிரிவினைப் பத்திர நகல் கைக்கு வந்ததும் கடைசி இரண்டு பக்கங்களையும் தபசிலையும் எனக்கு அனுப்புங்கள். அந்த ‘யாதொரு பாத்தியமும் இல்லை’ வரி இருக்கிறதா என்று பார்த்து, பெரியவருக்கு எழுத வேண்டிய கடிதத்தின் வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்.